ஏழாவது தட்டு

அத்தியாயம் 14

பேட்டரி வாங்க சேலத்துக்குப் போன தேவிப்ரியா, வியாழக்கிழமை கடைசி பஸ்ஸில் கச்சிராயபாளையம் வந்து இறங்கியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். வெறுங்கையோடுதான் வந்தாள். ஆனால் முடிவோடு வந்தாள். லித்தியம்தான். ஒரே ஒரு பேட்டரி, இருபத்தைந்து கிலோ, அவள் ஒருத்தியே தூக்கி வைத்துவிடலாம். கடையில் அந்த அளவில் ஒன்றுதான் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணி வரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன், வீட்டில் கலந்துகொண்டு சொல்லுங்கள் என்றார் கடைக்காரர்.

வீட்டில் கலந்துகொள்வதாம். அந்த வீட்டைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தேவிப்ரியா வடக்கனந்தல் ராஜாங்கத்தின் மகள். ராஜாங்கம் போன ஆடியில் உயில் எதுவும் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். மலைக்குப் போகிற சாலையை ஒட்டி அவருக்கு மூன்று ஏக்கர் கரும்புக் கொல்லை. அதன் சாலையோர மூலையில் ஒரு கொட்டகை போட வேண்டும், அங்கே தன் டிரெய்லரை நிறுத்தி, கல்வராயன் மலைக்கு வருகிறவர்களை அதில் தங்கவைத்துத் தொழில் செய்ய வேண்டும் என்பது தேவிப்ரியாவின் ஆசை. மூலை போதும் என்றுதான் கேட்டாள். அதற்கு அண்ணன் சுபாஷ் ஒரு விடுதலைப் பத்திரத்தை டைப் அடித்துக் கொண்டுவந்து நீட்டினான். தன் பங்கு மொத்தத்தையும் அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதாக அவள் கையெழுத்துப் போட வேண்டும். யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள்.

அவள் யோசித்துக்கொண்டிருந்த பதினைந்து நாளில் சுபாஷும் யோசித்திருக்கிறான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தேவிப்ரியா டிரெய்லரைப் பார்க்கப் போனாள். சின்னசேலம் பட்டறையில் அவள் பக்கத்திலேயே நின்று கட்டிய வண்டி அது. இரண்டு கட்டில், இரண்டு ஃபேன், ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், தண்ணீர் மோட்டார். போலேரோவுக்குப் பின்னால் மாட்டி இழுக்கலாம். ஊர்க்காரர்கள் அதற்குக் 'கூண்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மறுநாள் சனிக்கிழமை அதற்கு முதல் பயணம். புதுச்சேரியிலிருந்து ஒரு குடும்பம், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு, கரியாலூர் பக்கம் இரண்டு ராத்திரி.

வண்டியின் முன்பக்க இரும்புப் பெட்டி லித்தியத்துக்காகக் காலியாக இருக்க வேண்டும். அதில் இரண்டு டியூபுலர் பேட்டரிகள் உட்கார்ந்திருந்தன. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைப்பார்களே, அதே ரகம். ஆளுக்கு ஐம்பத்தைந்து கிலோ. இரண்டுக்கும் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள்.

அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்த கணவன் தமிழழகனிடம் போய்க் கேட்டாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பதில் சொன்னான். நேற்று மத்தியானம் மச்சான் ஆளோடு வந்து மாட்டிவிட்டுப் போனாராம். இன்றைக்கு ஒன்பது மணிக்கு முறையாகச் சீர் வருகிறதாம்.

"நான் சேலத்துக்குப் போயிருக்கிறது உங்களுக்குத் தெரியும்தான?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வெச்சிக்கினீங்க?"

தமிழழகன் கெட்டவன் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். சொந்த போலேரோவை வாடகைக்கு ஓட்டுகிறவன், குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். ஆனால் அவர்கள் விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். அதனால் கல்யாணத்துக்குப் பெண் வீட்டிலிருந்து ஒரு வெற்றிலைகூட வரவில்லை. தெருவில் மற்ற மருமகன்கள் வீட்டு வாசலில் சீர்த்தட்டு இறங்கும்போதெல்லாம் அவன் உள்ளே போய் டிவி பார்ப்பான்.

"பதினோரு வருஷம் ஆச்சு. இந்த வாசல்ல உங்க வூட்டுத் தட்டு ஒண்ணு எறங்கியிருக்கா? இப்பதான் மொத தபா வருது. அதையும் வேணாம்னு சொல்ல எனக்கு வாய் இல்ல" என்றான்.

அவள் அவனுக்குப் புரியும்படிதான் சொன்னாள். கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் சென்னைக்கு அந்தப் பக்கம் ஒரு பேட்டரி தொழிற்சாலையில் சார்ஜ் ஏற்றும் பிரிவில் நின்றவள் அவள். டியூபுலர் மேல் நூற்றைம்பது ஆம்பியர் என்று போட்டிருந்தாலும் பாதியைத்தான் எடுக்க முடியும், அதற்கு மேல் உறிஞ்சினால் சீக்கிரம் செத்துவிடும் என்றாள். மலைப்பாதையில் அத்தனை வளைவு, அத்தனை பாரத்தை முன்பக்கம் ஏற்றினால் இழுக்கிற வண்டியின் பின்பக்கம் அமுங்கும், உள்ளே இருக்கும் ஆசிட் தளும்பும் என்றாள். வீட்டில் ஒரு மூலையில் அசையாமல் கிடக்கிற பேட்டரி வேறு, ஆள் தூங்குகிற வண்டியில் போகிற பேட்டரி வேறு என்றாள். தமிழழகன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கடைசியில், ஒரு சீசன் இதிலேயே ஓட்டிவிட்டு அப்புறம் லித்தியம் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

ஒரு சீசனா? சீர் என்ற வார்த்தைக்கு அந்தக் குடும்பங்களில் என்ன அர்த்தம் என்பது அவனுக்குத் தெரியாதா? தெருவே பார்க்க அண்ணன் சீர் இறக்கிவிட்டால், பிறந்த வீட்டுக் கணக்கு தீர்ந்தது. அதற்கு மேல் நிலத்தில் பங்கு கேட்கிறவளை, சீரும் வாங்கிக்கொண்டு சோறும் பிடுங்க வருகிறவள் என்பார்கள். சட்டம் என்ன சொன்னாலும் சரி, சொந்தக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். லித்தியமா டியூபுலரா என்று அவள் ஒரு மாதமாகக் குழம்பியதை, கொல்லையா சீரா என்று சுபாஷ் மாற்றிவிட்டான். அவனுக்குப் பேட்டரியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தங்கையைப் பற்றித் தெரியும்.

ஒன்பது மணிக்கு டாடா ஏஸ் வந்தது. பத்தரைக்கு ராகுகாலம் என்பதால் அவசரம். மேளக்காரர் இரண்டு பேர், சொந்தக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேர், எல்லோருக்கும் முன்னால் அம்மா கமலா. புருஷன் போனபின் சீர்த்தட்டைத் தொடக் கூடாது என்று ஒதுங்கியே இருந்தவள் கமலா. அதெல்லாம் பார்க்காதே, நீயே வந்து கற்பூரம் காட்டு என்று சுபாஷ் சொல்லிவிட்டானாம். பத்து மாதம் கழித்து ஒரு நல்ல காரியத்தில் தன்னை முன்னால் நிறுத்திய மகனைப் பார்த்து, பாவம், அந்தம்மாவுக்குக் கண் கலங்கியிருந்தது.

தட்டுகள் இறங்கின. பழத்தட்டு, பூத்தட்டு, புடவை, வேட்டி சட்டை. அதற்கடுத்து பேட்டரி. ஐம்பத்தைந்து கிலோவைத் தட்டில் வைத்து எந்தப் பெண் தூக்குவாள்? அதனால் தட்டில் வாரண்டி கார்டை வைத்து, மேலே ஒரு விரலி மஞ்சளும் வெற்றிலைப் பாக்கும் வைத்திருந்தார்கள். சிரிப்பு வந்தது தேவிப்ரியாவுக்கு. சிரிக்கவும் செய்தாள். ஒரு அத்தை, பார், பெண்ணுக்குச் சந்தோஷத்தை என்றாள்.

தமிழழகன் புது வேட்டித் துண்டைத் தோளில் வாங்கிக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பதினோரு வருஷத்தில் அவன் அப்படி நிமிர்ந்து நின்று அவள் பார்த்ததில்லை. வாங்கிக்கொண்டுவிடலாமா என்று அந்த ஒரு நிமிஷம் அவள் நிஜமாகவே நினைத்தாள். இதை நான் மறைக்கப் போவதில்லை.

அப்புறம்தான் தட்டுகளை எண்ணினாள். நாலு தட்டு மற்ற சாமான். வாரண்டி கார்டு வைத்த தட்டு மூன்று.

முன்பெட்டியில் அவள் பார்த்தது இரண்டு பேட்டரி. அந்தப் பெட்டியில் மூன்றாவதுக்கு இடமே கிடையாது.

"எதுக்கு மூணு?" என்று சுபாஷிடம் கேட்டாள்.

"ரெண்டு வெச்சா தட்டு ஆறு ஆவுதேம்மா. சீரு ஒத்தப்படையில வரணும். அதான் மூணு வாங்கிட்டேன்" என்றான் அவன், சாதாரணமாக.

மூன்றாவது எங்கே என்று கேட்டாள். தமிழழகன்தான் பதில் சொன்னான். உள்ளே, கட்டிலுக்கு அடியில். மூன்றையும் நேற்று சாயங்காலமே சார்ஜில் போட்டாயிற்று, நாளைக்குப் பிள்ளைகள் வரும்போது ஃபுல்லாக இருக்கும். கரும்பு லாரிப் புழுதி உள்ளே போகாமல் இருக்க ஜன்னல், கதவு எல்லாம் மூடி வைத்தேன். அவன் அதைப் பெருமையாகத்தான் சொன்னான்.

கமலா அதற்குள் போலேரோவுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, திறந்திருந்த முன்பெட்டிக்கும் காட்டிவிட்டு, எரிகிற தட்டோடு டிரெய்லரின் கதவைத் திறந்திருந்தாள். ஏழாவது தட்டு உள்ளே அல்லவா இருக்கிறது. அதற்குக் காட்டாமல் விடலாமா. ஒரு கால் படியில் ஏறிவிட்டது.

கதவு திறந்ததும் அந்த நெடி தேவிப்ரியாவுக்கு வந்தது. தொண்டையைப் பிடிக்கிற ஆசிட் நெடி. ஆறு வருஷம் அந்த நெடியில் நின்றவளுக்குச் சந்தேகமே வராது. பேட்டரி நிறைந்த பின்னும் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கிறது. அந்த நெடியோடு நெடியே இல்லாத ஒரு வாயுவும் கிளம்பும். காற்றுப் போக்கு இல்லாத இடத்தில் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும். தொழிற்சாலையில் அந்தப் பிரிவுக்கு வத்திப்பெட்டியோடு வருகிறவனை வாசலிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படி இருந்தும் அம்சவள்ளி என்ற பெண் சுவிட்சை அணைக்காமல் கிளிப்பைப் பிடுங்கி, பொறி பறந்து, மூடி தெறித்து, ஒரு கண்ணைக் கொடுத்துவிட்டுப் போனாள். தேவிப்ரியாவுக்கு அடுத்த இடத்தில் வேலை செய்தவள்.

கத்தினால் அம்மா திரும்பிப் பார்ப்பாள், தட்டு அங்கேயேதான் இருக்கும். தேவிப்ரியா கத்தவில்லை. ஓடினாள். உள்ளே நீண்டிருந்த தட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினாள். கற்பூரம் அவள் கையில் ஒட்டிக்கொண்டு அணைந்தது. தட்டு கீழே விழுந்தது. குங்குமம் கமலாவின் வெள்ளைப் புடவையில் கொட்டியது.

மேளம் நின்றது.

யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் ஓடி முதலில் சுவிட்சை அணைத்தாள். திரும்பி வந்து எல்லா ஜன்னலையும் திறந்தாள். அம்மாவைத் தள்ளி நிற்கச் சொன்னாள். ஐந்து நிமிஷம் போனது. பத்து நிமிஷம் போனது.

ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் அவள் செய்த குற்றம்.

நடக்காமல் தடுத்த ஒன்றுக்கு எங்கே போய்ச் சாட்சி தேடுவது? அவள் விளக்கினாள். வாயு, பொறி, தகரப் பெட்டி, அம்சவள்ளியின் கண் எல்லாவற்றையும் சொன்னாள். சுபாஷ் பொறுமையாகத்தான் கேட்டான். ஊரில் பாதிப் பேர் இந்தப் பேட்டரியை வீட்டுக்குள் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறார்கள், உனக்கு வந்தால் மட்டும் வெடிக்குமா என்றான். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. கூடத்துக்கு ஜன்னல் இருக்கிறது, இது ஆறடி அகலத் தகரப் பெட்டி, ராத்திரி பூரா மூடி வைத்திருந்தீர்கள் என்று அவள் சொன்ன பதிலும் நியாயம்தான். ஆனால் கற்பூரத்தைக் கையால் அணைத்தவள் சொல்கிற நியாயத்தை அந்த வாசலில் யார் கேட்பார்கள்.

புடவையில் கொட்டிய குங்குமத்தைத் தட்டிக்கொண்டே நின்றாள் கமலா. தட்டத் தட்ட அது பரவியது. தாலி இறக்கியவள் மேல் குங்குமம் கொட்டியதைச் சொந்தக்காரப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க, வெடிக்கலியேடி" என்றாள்.

இதைவிட அம்மா நாலு அறை அறைந்திருக்கலாம். உன் முகத்துக்கு நேரே வெடித்திருக்கும், உன்னைக் காப்பாற்றத்தான் கையை வைத்தேன் என்று தேவிப்ரியா சொல்லியிருக்க வேண்டும். வெடித்திருந்தால்தான் நம்புவாயா என்று கேட்க வாய் வந்தது. கேட்காமல் விழுங்கினாள்.

சுபாஷ் செருப்பை மாட்டிக்கொண்டே, திங்கட்கிழமை பத்து மணிக்குப் பதிவாபீசுக்கு வந்துவிடச் சொன்னான். அத்தனை பேர் முன்னால் அவன் அதைச் சொன்னது முதல் முறை.

"எனக்கு இந்தப் பேட்டரி வேணாண்ணா."

"சீரு வேணாம்ங்கிறியா?"

"பேட்டரி வேணாம்."

"ரெண்டும் ஒண்ணுதான், தேவி."

"உனக்கு ஒண்ணுதான். அது எனக்கும் தெரியும்" என்றாள்.

சுபாஷ் முகம் கறுத்துவிட்டது. டாடா ஏஸ் டிரைவரைக் கூப்பிட்டு, முன்பெட்டியிலிருந்த இரண்டையும் கழற்றி ஏற்றச் சொன்னான். இறக்கின சீரை ஏற்றிக்கொண்டு போவது அந்தத் தெரு பார்க்காத காட்சி. எதிர்வீட்டு மாடியில்கூட ஆள் நின்றது. தமிழழகன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

மூன்றாவதை எடுக்க டிரைவர் டிரெய்லருக்குள் ஏறப் போனபோது கமலா தடுத்தாள்.

"அது கெடக்கட்டும். பொட்டப்புள்ள வூட்டுலருந்து சீரை முழுசா தூக்கினு போவக்கூடாது. ஒண்ணாவது இருக்கணும்."

மகள் வீடு வெறுமையாகிவிடக் கூடாது என்று சொன்னாளா, ஒன்று கிடந்தாலும் சீர் கொடுத்தது கொடுத்ததுதான் என்று மகனுக்கு வழி செய்து கொடுத்தாளா? கமலாவை இத்தனை அத்தியாயமாக எழுதிவருகிற எனக்கே தெரியவில்லை. இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே மனசிலிருந்து வந்திருக்கலாம். சுபாஷுக்கு மட்டும் சட்டென்று விளங்கிவிட்டது. ஒன்று இருந்தாலும் ஒற்றைப்படைதானே. தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறினான். கமலா முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். மகள் பக்கம் திரும்பவில்லை.

வாசல் காலியானபோது மணி பதினொன்றரை. தேவிப்ரியா டிரெய்லருக்குள் ஏறி, கட்டில் பலகையைத் தூக்கினாள். சந்தனப் பொட்டோடு கிடந்தது அது. இரண்டு பக்கமும் கைப்பிடி. ஒரு கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். கொஞ்சம்தான் நகர்ந்தது. கற்பூரம் சுட்ட உள்ளங்கையில் கொப்புளம் எழும்பியிருந்தது. அதை அதுவரை யாரும் பார்க்கவில்லை, அவள் உட்பட.

"ஏங்க, அந்தப் பக்கம் ஒரு கை குடுங்க. இப்பவே கொண்டுபோய் அவங்க வாசல்ல வெச்சிட்டு வந்துரலாம்" என்றாள்.

தமிழழகன் கதவோரம் வந்து நின்றான். உள்ளே ஏறவில்லை.

"நான் தூக்க மாட்டேன், தேவி."

"ஏன்?"

துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினான்.

"அந்தப் பத்திரத்துல சாட்சிக் கையெழுத்து நான் போட்டுட்டேன். நேத்து. மச்சான் பேட்டரி கொண்டாந்தப்ப."

நடுவில் அவள் இடம் மட்டும் காலியாக விட்டு, அதற்குக் கீழே புருஷன் கையெழுத்து. அவள் சேலத்தில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த நேரம். அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. எப்படியும் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்து வைத்திருந்த ஒருத்தியைத் தூரத்திலிருந்து பார்ப்பது போல இருந்தது. அந்த ஒருத்திமேல் மட்டும் பரிதாபமாக இருந்தது.

போன் அடித்தது. சேலத்துக் கடைக்காரர். வேறொருவர் வந்து அந்த லித்தியத்தைக் கேட்கிறார், உங்களுக்கு வேண்டுமா, வேண்டாமா என்றார். இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு, வேண்டும் என்றாள். பணம் அவள் சேமிப்பில் இருந்தது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. மூன்று மணி பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன், ஸ்டாண்டில் வந்து இறக்கிக்கொள்ளுங்கள் என்றார்.

"வாரண்டி கார்டுல பேரு எழுதணும்மா. தேவிப்ரியா. இனிஷியல்?"

ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் புத்தகம் எல்லாவற்றிலும் பதினோரு வருஷமாக அவள் டி. தேவிப்ரியா. கல்யாணமான மறு மாசமே தமிழழகன் ஆசையாசையாகக் கூட்டிக்கொண்டு போய் மாற்றியது. அவன் கதவோரம்தான் நின்றுகொண்டிருந்தான்.

"ஆர்" என்றாள்.

"எஸ்ஸா, ஆரா? வண்டிச் சத்தம்மா, சரியா கேக்கல."

"ஆர். ராஜாங்கம். எங்கப்பா பேரு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள் தேவிப்ரியா.